அங்கி அணிந்த உருவத்தை முதலில் ஆடையின்றி வரைந்தது ஏன்?

கரிக்கோல்:
பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர், ஓத்தன் நகரப் பேராலயத்துக்காகப் புனித சிம்ஃபோரியன் தம் கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்டு மறைசாட்சியான நிகழ்வை வரைந்தார். 1824இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த வேலை 1834இல்தான் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு வந்தது. ஓவியத்தில் ஆடையுடன் நிற்பவர்களையும் முன்வரைவுகளில் அவர் ஆடையின்றி வரைந்திருக்கிறார். வழிபாட்டிடத்துக்கான ஓவியத்தில் இது எப்படி ஏற்கப்பட்டது?

நீலத்தாள்:
அக்காலக் கலைக்கூடங்களில் இதை எவரும் அவமதிப்பாகக் கருதவில்லை. நீங்களே ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இரு கைகளையும் விரித்துப் பாருங்கள்: துணி தோளிலும் முழங்கையிலும் மட்டுமே இறுகித் தொங்கும், மற்ற மடிப்புகள் எல்லாம் அந்த இடங்களிலிருந்தே கிளம்பும். தோள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அங்கியை வரைந்தால், உள்ளே ஆளே இல்லாத துணி மட்டும்தான் மிஞ்சும். அதனால் முதலில் உடல், பிறகு தனித்தாளில் துணி மடிப்பு, கடைசியில் கட்டங்கள் போட்டுப் பெரிதாக்குதல் என்று வேலை நடந்தது. ஒரே தாளில் ஒரு கையை இரண்டு மூன்று நிலைகளில் வரைந்து பார்ப்பதும் ஆங்க்ருக்கு வழக்கம். முடிந்த ஓவியத்தைவிட அந்தத் தாள்களே என்னை அதிகம் கவர்கின்றன, ஏனெனில் அவர் தயங்கிய இடங்கள் அவற்றில் அழியாமல் இருக்கின்றன.

செங்காவி:
கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தகைய வரைவுகளுக்குப் பயன்பட்ட கறுப்புச் சாக்கட்டி என்பது பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டி அன்று; இயற்கையாகக் கிடைப்பது, கரிமம் கலந்த மென்மையான கல். 1822இல் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ப்ரூதோன், ஆடையற்ற உடலைப் பார்த்து வரையும் பயிற்சிப் படங்களை நீலத்தாளில் கறுப்பு, வெள்ளைச் சாக்கட்டிகளால் வரைந்தவர். தாளின் நிறமே நடுத்தர நிழலாக நின்றுவிடுவதால், இருளுக்குக் கறுப்பும் ஒளி விழும் மேட்டுக்கு வெள்ளையும் போதுமானவையாக இருந்தன. காலப்போக்கில் அந்த நீலம் பல தாள்களில் மங்கிப் பழுப்பாகிவிட்டது. அச்சுப்படங்களை மட்டும் பார்ப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கரிக்கோல்:
இருவருக்கும் நன்றி. போர்வையைப் போட்டுப் பார்த்தேன்; கையை உயர்த்தியதும் இடுப்புவரை துணி மேலே இழுபட்டது. சலோனில் ஆங்க்ரைக் கண்டித்தவர்கள், புனிதரை அழைத்துச் செல்லும் காவலர்களின் தசைகள் அளவுக்கு மீறிப் புடைத்திருப்பதாகக் குறை கூறினார்களே, அதுவும் ஆடையற்ற உடலை வரைந்து பழகிய இந்த வரைவுகளின் விளைவுதானா?

நீலத்தாள்:
பெருமளவு அப்படித்தான் என்று நினைக்கிறேன். தனித்தாளில் அழகாக நிற்கும் ஒரு முதுகு, கூட்டத்துக்குள் வந்ததும் புனிதரின் முகத்தோடு போட்டியிடுகிறது. ஆங்க்ர் தம் சொந்த ஊரான மொந்தோபானுக்கு விட்டுச்சென்ற வரைவுகள் ஆயிரக்கணக்கானவை. அவ்வூர் அருங்காட்சியகத்தின் படங்களில் காவலர்களைத் தேடி, ஓவியத்தின் அருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.