எங்கள் ஊர் மாதர் சங்கக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், தடுக்க வழி உண்டா?

மாங்குளம் பிள்ளை:
அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஹெர்மிடேஜ் ஹோட்டலை 2020 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1920 இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் அங்கேதான் தங்கியிருந்து வேலை செய்தார்களாம். எங்கள் மாதர் சங்கக் கட்டடம் கூரை இல்லாமல், சுவரெல்லாம் ஷெல் பட்ட காயத்தோடு நிற்கிறது, ஆனால் அத்திவாரம் அசையவில்லை. தையல் வகுப்பு, சீட்டு, நெல் கடன் எல்லாம் அங்கே நடந்தவை, எங்கள் அம்மாமார் நாலு பேருக்கு முன்னால் எழும்பிக் கதைக்கப் பழகியதும் அங்கேதான். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள்.

வவுனியா அக்கா:
அந்த ஹோட்டலும் 1970களின் கடைசியில் பூட்டிக் கிடந்ததுதான் தம்பி, பிறகுதான் புதுப்பித்தார்கள். வாக்குரிமை கேட்டவர்கள் மஞ்சள் ரோஜாவும் எதிர்த்தவர்கள் சிவப்பு ரோஜாவும் குத்திக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே, அதில் வாக்களிக்க இருந்த மாநிலச் சட்டசபை உறுப்பினர்களை மடக்கி மடக்கிக் கதைத்தார்கள். கடைசியில் சிவப்பு ரோஜா குத்தியிருந்த 24 வயது உறுப்பினர் ஹரி பேர்ன், அம்மாவின் கடிதத்தைப் படித்துவிட்டு ஆதரவாக வாக்களித்தார். யார் தங்கினார்கள், என்ன நடந்தது என்று எழுத்தில் இருந்ததால்தான் அந்தக் கட்டடத்துக்காக வாதாட முடிந்தது. உங்கள் சங்கத்துக் கூட்டக் குறிப்புக் கொப்பி இடப்பெயர்வில் போயிருந்தால் பழைய உறுப்பினர்களைப் பேசவிட்டு இப்போதே பதிந்து வையுங்கள், எல்லோருக்கும் வயது போகிறது.

முள்ளியவளை:
இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை நம்பி இருக்காதீர்கள், இந்த வயதுக் கட்டடத்துக்கு அது உதவாது. முதலில் காணி யாருடைய பெயரில் என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள். சங்கத்துக் காணி என்றால் பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானம் எடுத்து, புதுக் கட்டடத்தைப் பக்கத்தில் போடச் சொல்லலாம்.

வவுனியா அக்கா:
அதுதான் சரி. இலங்கைப் பெண்களுக்கு 1931 இல் வாக்கு கிடைத்தது, அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று, அந்தக் காலத்துச் சட்டசபையான அரசாங்க சபைக்குப் போனார். அந்தப் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். வன்னிப் பெண்கள் எங்கே கூடினார்கள், எதற்குக் கை உயர்த்தினார்கள் என்பதை யாரும் எழுதவில்லை, அதனால்தான் இந்த நாலு சுவரும் எனக்குப் பெரிது.

முள்ளியவளை:
இன்னொன்று, கதவு ஜன்னல் நிலைகள் முதிரை மரம் என்றால் இன்றைக்கே படம் எடுத்து எண்ணி எழுதி வையுங்கள். இடிக்க வருகிறவன் முதலில் கழற்றுவது அதைத்தான்.