வீட்டு சர்வரை எத்தனை நாளைக்கு ஒருக்கா ரீபூட் பண்றதுங்க?

நொய்யல்கரை:
திருப்பூர்ங்க. பழைய டெஸ்க்டாப்புல உபுண்டு சர்வர் 24.04, 8 ஜிபி ராம், 4 டிபி டிஸ்க் ஒண்ணு, யூஎஸ்பி டிஸ்க் ஒண்ணு. பை-ஹோலும் (விளம்பரத்தைத் தடுத்து, வீட்டு நெட்டுக்கு சைட் பேரைத் தேடிக் குடுக்கறது) ஜெல்லிஃபினும் (படம், பாட்டு ஓட்டறது) டாக்கர்ல (புரோகிராமைத் தனித்தனி டப்பாவா, அதாவது கன்டெய்னரா, ஓட்டறது) ஓடுது. ஞாயித்துக்கிழமை தோறும் தானா ரீபூட் ஆகற மாதிரி கிரான்ல (நேரம் வெச்சு வேலை ஓட்டறது) போட்டுடலாங்களா?

தறிச்சத்தம்:
வேண்டாங்க. கிழமை பார்த்து ரீபூட் பண்ண இது விண்டோஸ் 98 இல்லீங்க. கெர்னல் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) மாதிரி அடிப்படை மாறினாத்தான் ரீபூட். வார் ஃபோல்டர்ல ரன்னுக்குள்ள ‘ரீபூட்-ரிக்கொயர்டு’ன்னு ஒரு ஃபைல் வந்திருந்தா வேலை பாக்கின்னு அர்த்தம். ஓபன்எஸ்எஸ்எல் மாதிரி லைப்ரரி (பல புரோகிராம் பொதுவா எடுத்துக்கற கோடு) மாறினா, நீட்ரீஸ்டார்ட்ங்கற கருவி காட்டற சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணாப் போதும். கன்டெய்னர் கணக்கு வேற: நூறு தடவை ரீபூட் பண்ணாலும் பழைய இமேஜ்தான் (கன்டெய்னரை உருவாக்கற அச்சு) எந்திரிக்கும். புது இமேஜை இறக்கி, கன்டெய்னரைத் திரும்ப உருவாக்கோணும். ராம் நிரம்பிடுச்சுன்னு பயந்து ரீபூட் பண்றவங்க, ஃப்ரீ கமாண்டுல ‘அவைலபிள்’ கட்டத்தைப் பாருங்க. டிஸ்க் கேஷும் பெரும்பாலும் அதுக்குள்ளதான் சேரும், கேட்டா விட்டுக் குடுத்துரும்.

பஞ்சுமூட்டை:
அதுக்காக அப்டைம் (ரீபூட் இல்லாம ஓடின நாள்) 300 நாள்னு பெருமையும் வேண்டாங்க. அத்தனை நாள் பழைய கெர்னல் ஓடுதுன்னுதான் அதுக்கு அர்த்தம்.

ஈபி பராமரிப்பு மின்தடை அன்னிக்கே ரீபூட்டையும் முடிச்சுக்கலாம். காலைல 9 மணிக்குக் கரண்ட் போகும்னா 8.30க்கே முறையா ஷட்டவுன். சின்ன யூபிஎஸ் சாயங்காலம் வரைக்கும் தாங்காது. அதுக்கு முன்னாடி டிஸ்க் ஆரோக்கியம் காட்டற ஸ்மார்ட்சிடிஎல்ல 5 (மாத்தி ஒதுக்கின செக்டர்), 197 (படிக்க முடியாம நிக்கற செக்டர்) ரெண்டு வரியும் பாருங்க. 197 பூஜ்யமா இல்லைன்னா முதல்ல பேக்கப். ஆறிப்போன பழைய டிஸ்க் திரும்பச் சுத்தாமயே போறதுண்டு. எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகறப்ப எந்த டிஸ்க்கை இணைக்கறதுன்னு சொல்ற ஃபைல்) யூஎஸ்பி டிஸ்க்குக்கு ‘நோஃபெயில்’ (டிஸ்க் இல்லாட்டியும் பூட் ஆகு) இல்லைன்னா, ஒயர் லூசா இருந்தாக்கூட 90 செகண்ட் காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுல நின்னுக்கும், எஸ்எஸ்ஹெச்சும் (வேற கம்ப்யூட்டர்ல இருந்து உள்ள போற வழி) வராது. மானிட்டரைத் தூக்கிட்டுத்தான் ஓடோணும்.

நம்மூர்ல பஞ்சு ஹீட்சிங்க் இடுக்குல கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். அணைச்ச கையோட புளோயர் அடிச்சிருங்க. ஃபேன் இறக்கையை விரலால புடிச்சுக்கோங்க, சுத்த விட்டா பேரிங் போயிரும்.

நொய்யல்கரை:
சரிங்ணா. ரீபூட் ஆகற நேரம் பை-ஹோல் இல்லாம வீட்டுல நெட் நிக்குமே?

தறிச்சத்தம்:
ரெண்டு நிமிஷம் நிக்கும், பொறுத்துக்கோங்க. டாக்கர்ல கன்டெய்னரோட ரீஸ்டார்ட் பாலிசி ‘அன்லெஸ்-ஸ்டாப்டு’ன்னா தானா வந்துரும், ஆனா நீங்க கையால நிறுத்தினது வராது. சர்வரோட சொந்த டிஎன்எஸ்ஸை (சைட் பேரை நம்பரா மாத்திக் குடுக்கறது) மட்டும் பை-ஹோலுக்குக் காட்டாதீங்க. கன்டெய்னரை அழிச்சுட்டு இமேஜ் இறக்கப் போனா, பேரைத் தேட டிஎன்எஸ்ஸே இருக்காது. சர்வருக்கு மட்டும் 9.9.9.9 (குவாட்9ங்கற பொது டிஎன்எஸ்) குடுத்துருங்க.