புதுப்பிப்பு: அம்பாசமுத்திரத்தில் சிவில் வழக்குக்கு வக்கீல் கிடைத்துவிட்டார்

அம்மாவின் மனையில் பக்கத்து வீட்டார் சுவர் எழுப்பியதற்கு வழக்குப் போட, சென்னை வக்கீலை அழைத்துப்போவதா, உள்ளூரில் பார்ப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முன்சீப் கோர்ட்டில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள்" என்ற யோசனைதான். நானும் அம்மாவும் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். வழக்கைக் கூப்பிட்டதும் பல வக்கீல்களுக்குப் பதிலாக ஜூனியர் எழுந்து வாய்தா கேட்டார். ஒரு பெண் வக்கீல் மட்டும் வழக்குக் கட்டைப் பிரிக்காமலே பத்திர எண்ணைச் சொல்லிக் குறுக்கு விசாரணை செய்தார். மதியம் அவரையே போய்ப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடம், பீஸ் பேச்சு அப்புறம்தான். பீஸை மூன்று தவணையாக எழுதியே கொடுத்தார், கோர்ட் கட்டணம் தனி.

அதற்கு முன் பார்த்த ஒருவர், ஜெயித்தால் நிலத்தில் பங்கு வேண்டும் என்றார். பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை என்று இங்கே ஒருவர் எச்சரித்திருந்தார். அவர் சொல்லாவிட்டால் சம்மதித்திருப்போம்.

எதிர்பாராத ஒன்று: பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. உங்கள் வழக்கும் அம்மா பெயரில் என்றால், முதலில் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் விசாரியுங்கள்.

வழக்குத் தாக்கலாகிவிட்டது. வழக்குக்குத் தரும் சி.என்.ஆர். அடையாள எண்ணை, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு, அடுத்த வாய்தாவைச் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.