மேலத்தெரு வீடு (வாட்ஸ்அப் குழு)

சங்கரன்: அம்மா விடியக்காலம் 3 மணிக்கு பாத்ரூம்ல விழுந்துட்டா. எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. நெத்தியில 2 தையல்

கோமதி: அய்யோ. இப்பதான் சொல்லுதியாண்ணே

முத்து துபாய்: அந்த டைல்ஸை மாத்துங்கன்னு போன வருஷமே பணம் அனுப்புனேன்

சங்கரன்: கூட இருந்து பாக்குறவனுக்குத்தான் தெரியும் முத்து. கை வேற நடுங்குது. சனிக்கிழமை நரம்பு டாக்டருக்கு டோக்கன் போட்ருக்கேன்

செல்வி: அத்தான், அத்தை ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் போடுதாங்க. தலையில அடிபட்டிருக்கு. வாந்தி, அசதித் தூக்கம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் வீட்ல இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் பின்பக்கம் திருப்பி போட்டோ எடுத்துப் போடுங்க. சூரணம், கண் சொட்டு உட்பட

சங்கரன்: 📷📷📷

கோமதி: இத்தனை மாத்திரையா!!

சித்தப்பா: முருகா 🙏 ஞாயிறு காது குத்துக்கு வேன் எத்தனை மணிக்கு

செல்வி: அத்தான், ரெண்டு அட்டையில பேருதான் வேற, உள்ள ஒரே மருந்து. ஹார்ட் டாக்டர் பிரஷருக்கு எழுதினது அம்லோடிபின் 5. சுகர் டாக்டர் எழுதின பச்சை அட்டையில இன்னொரு பிரஷர் மருந்து டெல்மிசார்டன் 40, அதுக்குக் கீழ பொடி எழுத்துல அம்லோடிபின் 5. ஆக தினம் 10 மில்லிகிராம் உள்ள போகுது. அந்த அளவுக்கு நிறையப் பேருக்குக் கணுக்கால் வீங்கும். ரத்தக் குழாய் விரிஞ்சு கசியற வீக்கம் அது, நீர் மாத்திரைக்குச் சரியா வடியாது. ஆனா வீக்கத்துக்குன்னு ஃப்ரூசிமைடு 40ங்கிற நீர் மாத்திரை சேந்திருக்கு. அத்தை அதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுதாங்க. ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சு ஆறு மணி நேரம் இழுக்கும். அதான் ராத்திரி முழுக்க பாத்ரூம். எந்திரிச்சா தலை சுத்துது, அதுக்கு சின்னரிசின். அதை மாசக்கணக்கா போட்டா வயசானவங்களுக்குக் கை நடுங்கும், நடை சுருங்கும், அச்சு அசலா பார்க்கின்சன் நடுக்க நோய் மாதிரியே இருக்கும். இப்ப அந்த நடுக்கத்துக்கு மருந்து ஆரம்பிச்சா எந்திரிக்கும்போது பிரஷர் இன்னும் இறங்கும்

கோமதி: அப்ப டைல்ஸ் இல்ல

முத்து துபாய்: டைல்ஸும்தான்

சங்கரன்: எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்திரவா செல்வி

செல்வி: ஐயோ வேண்டாம். பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்கிற அல்ப்ரசோலத்தைத் திடீர்னு விட்டா தூக்கம் கெடும், பதறும், வலிப்புகூட வரும். பிரஷருக்கும் நெஞ்சுக்கும் குடுக்கிற மெட்டோப்ரொலாலை விட்டா நெஞ்சு படபடக்கும், வலி வரும். ரெண்டையும் டாக்டர் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அம்லோடிபின் ரெண்டு தடவை போறதை மட்டும் இப்பவே ஹார்ட் டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லுங்க. நீர் மாத்திரையைக் காலையில மாத்தலாமான்னும் கேளுங்க. 5 நிமிஷம் படுக்க வச்சு பிரஷர் பாருங்க. எந்திரிச்சு நின்ன 1 நிமிஷத்துல ஒண்ணு, 3 நிமிஷத்துல ஒண்ணு. ஆள் பக்கத்துல பிடிச்சுக்கணும்

சித்தப்பா: குறுக்குத்துறை கோயிலுக்கு 6 மணிக்கே கிளம்புனாதான் கூட்டமில்லாம இருக்கும்

சங்கரன்: படுத்து 142/80. நின்னு 112/68, அடுத்து 116/70

செல்வி: மேல் அளவு 20 இறங்கினாலே அதிகம். இது 30. இதை எழுதி வைங்க. அப்புறம் முழங்காலுக்கு டைக்ளோபெனாக் வலி மாத்திரை யார் வாங்கிக் குடுத்தா?

கோமதி: நான்தான். அம்மா வலின்னு அழுதா, மைனி

செல்வி: இனி வேண்டாம் கோமதி. டெல்மிசார்டன், நீர் மாத்திரை, டைக்ளோபெனாக் மூணும் சேந்தா கிட்னியைத் தாக்கும். ஆஸ்பிரினோட சேந்து வயித்துல ரத்தம் கசியும். மலம் கறுப்பா போகுதான்னு கேளு. ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி அளவு), சோடியம், பொட்டாசியம் பாத்துருங்க. சுகருக்கு மெட்பார்மினும் வயித்து அமிலத்துக்கு பாண்டோப்ரசோலும் வருஷக்கணக்கா ஓடுது, அதனால வைட்டமின் பி12 குறைஞ்சிருக்கான்னும் பாக்கணும்

முத்து துபாய்: சஷ்டிக்கு விரதம் இருந்துட்டு சுகர் மாத்திரை மட்டும் போடுவாளே

செல்வி: அந்த சுகர் மாத்திரை கிளிமிபிரைடை அப்படிப் போடவே கூடாது. சாப்பிடாம போட்டா சுகர் அடியோட இறங்கும். விரத நாளுக்கு என்ன செய்யன்னு சுகர் டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க

சங்கரன்: அப்ப நரம்பு டாக்டர் டோக்கன்?

செல்வி: இருக்கட்டும். அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோங்க. சின்னரிசினை நிறுத்திப் பாக்கலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க. நடுக்கம் குறைய வாரமோ மாசமோ ஆகும்

சங்கரன்: சனிக்கிழமை எனக்கு ஆபீஸ். கோமதி கூட்டிட்டுப் போகட்டும்

கோமதி: காது குத்துக்கு முந்தின நாளாண்ணே?

சித்தப்பா: வேன் 6 மணிதானே?

சங்கரன்: தலையணை உறைக்குள்ள இன்னொரு அட்டை கெடக்கு. பாதி காலி

செல்வி: திருப்பிப் போடுங்க அத்தான்