பயிலரங்குக்கு வந்தவர்களின் பட்டியலை மார்க்கெட்டிங் கேட்கிறது. டெவ்ரெல்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

வெப்ஹுக்_வாசகி

ஏபிஐ (மற்றவர்களின் நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் சேவை) விற்கும் ஒரு நிறுவனத்தில், டெவலப்பர்களுக்கு அதைப் பயன்படுத்த உதவும் டெவலப்பர் ரிலேஷன்ஸ் (டெவ்ரெல்) வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம் பேக்எண்ட் (சேவையகப் பக்க) நிரல் எழுதினேன். டெவ்ரெல்லில் நாங்கள் இரண்டு பேர், மார்க்கெட்டிங்கில் ஆறு பேர்.

போன மாதம் ஓர் ஆன்லைன் பயிலரங்கு நடத்தினேன். வெப்ஹுக் (ஒரு நிகழ்வு நடந்ததும் ஒரு சேவை இன்னொரு சேவையகத்துக்குத் தானாக அனுப்பும் தகவல்) தவறிப்போனால் எப்படிக் கையாள்வது என்பது தலைப்பு. விற்பனைப் பேச்சே கிடையாது. 140 பேர் வந்தார்கள், முக்கால்வாசிப் பேர் கடைசி வரை இருந்தார்கள். ஒரே நிகழ்வு இரண்டு முறை வந்து சேர்ந்தால், பணமும் இரண்டு முறை கழிந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் இருபது நிமிடம் பேசினோம். அன்று மனநிறைவோடு மடிக்கணினியை மூடினேன்.

மறுநாள் மதியத்துக்குள் சேல்ஸ் குழு அவர்களில் பாதிப் பேருக்கு ஃபோன் போட்டுவிட்டது. பதிவுப் படிவத்தில் இருந்த எண்களை மார்க்கெட்டிங் அப்படியே சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் மென்பொருளில்) ஏற்றியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டவரே எனக்கு எழுதினார்: "உங்களை நம்பித்தான் என் எண்ணைக் கொடுத்தேன்." என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது அடுத்த காலாண்டுக்கு டெவ்ரெல் 200 லீட் (வாங்க வாய்ப்புள்ளவர்களின் தொடர்பு விவரம்) தர வேண்டும் என்று இலக்கு வந்திருக்கிறது. மார்க்கெட்டிங்கில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான், அவர்களுக்கும் மேலிருந்து நெருக்கடி. ஆனால் இப்படியே போனால் அடுத்த பயிலரங்குக்கு யார் வருவார்கள்? உங்கள் இடத்தில் இரண்டு குழுவும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? எந்த இலக்கு யார் தலையில்?

பிழைச்செய்தி_பிரியன்

ஒன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். இதே அடியை நானும் வாங்கியிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"எங்கள் வேலையை எண்ணால் அளக்க முடியாது" என்று மட்டும் போய்ச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அடுத்த பட்ஜெட்டில் எங்கள் பயணச் செலவு முழுக்கப் போனது. 200 லீட்டை மறுக்க வேண்டுமானால் அதன் இடத்தில் வைக்க வேறொரு எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் வைத்தது, கணக்குத் தொடங்கியதிலிருந்து முதல் ஏபிஐ அழைப்பு 200 என்ற பதிலோடு (வெற்றி என்பதற்கான குறியீடு) திரும்பும் வரை ஒரு டெவலப்பருக்கு ஆகும் நேரம்.

அந்த எண்ணில் அப்படி என்ன என்றால், இரண்டு குழுவின் வேலையும் அதில்தான் சந்திக்கிறது. விளம்பரத்தில் என்ன சொன்னோம், பதிவுப் படிவத்தில் என்ன கேட்டோம், டாக்ஸில் (பயன்பாட்டு விளக்கப் பக்கங்களில்) முதல் பக்கம் எப்படி இருக்கிறது, எஸ்டிகே (ஏபிஐயைப் பயன்படுத்த உதவும் நிரல் தொகுப்பு) சரியாக நிறுவப்படுகிறதா, எல்லாமே அந்த நேரத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

முதல் முறை அளந்தபோது நானும் மார்க்கெட்டிங் தோழி ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, புது ஆள் மாதிரி கணக்குத் தொடங்கினோம். 47 நிமிடம் ஆனது. அதில் நான் எழுதிய டாக்ஸில் தொலைந்தது மட்டும் 25 நிமிடம். மாதிரி நிரலில் பழைய எண்ட்பாயிண்ட் (ஏபிஐ முகவரி) இருந்தது, எனக்கே தெரியாது. மீதியில் பெரும்பகுதி படிவத்திலும் சரிபார்ப்பு மின்னஞ்சலிலும் போனது. அதற்கு முன் பல மாதம் அவரும் நானும் மாறி மாறிக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அன்று இரண்டு பேர் பிழையும் ஒரே திரையில் தெரிந்தது.

படிவத்தில் ஃபோன் எண்ணும் நிறுவனத்தின் அளவும் கட்டாயம் என்று இருந்தது. வந்து சேர்ந்த எண்களைப் பார்த்தோம். வரிசையாக ஒன்பதுகள், வரிசையாக பூஜ்யங்கள். ஃபோன் கட்டத்தை எடுத்தால் லீட் குறையும் என்று பயந்த தோழி, அந்தப் பட்டியலைப் பார்த்ததும் தானாகவே எடுக்கச் சொன்னார்.

அப்புறம், மார்க்கெட்டிங்கிடம் நமக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்ற கணக்கு. எங்கள் தேடுபொறி ஆள் ஒரு நாள் வந்து, "கையொப்பம் பொருந்தவில்லை என்ற 401 பிழையை நிறையப் பேர் தேடுகிறார்கள், நம்மிடம் அதற்குப் பக்கமே இல்லையே" என்றார். கோரிக்கையை அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்ய முடியாதபோது வரும் பிழை அது. நான் பாதி நாள் உட்கார்ந்து எழுதினேன். சேவையகக் கடிகாரம் சில நிமிடம் விலகியிருப்பது, கோரிக்கையின் உடலை ஃப்ரேம்வொர்க் முன்பே பார்ஸ் செய்து (பிரித்துப் படித்து) மாற்றிவிடுவது, சோதனைச் சாவியை (சோதனைக்கு மட்டுமான ரகசியக் குறியீட்டை) உண்மைச் சூழலில் போட்டுவிடுவது என்று மூன்றே காரணம். அந்த ஒரு பக்கத்துக்கு வந்தவர்கள், நாங்கள் பணம் செலவழித்து நடத்திய வெளியீட்டுக் கேம்பெயினுக்கு வந்தவர்களைவிட அதிகம். அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது. நான் எழுதாவிட்டால் அவருக்கு அந்த மூன்று காரணம் தெரிந்திருக்காது.

பரிசு கொடுத்துக் கூட்டம் சேர்க்கலாம் என்று யோசனை வந்தால் ஹாக்டோபர்ஃபெஸ்ட் கதையைச் சொல்லுங்கள். டிஜிட்டல்ஓஷன் என்ற கிளவுட் நிறுவனம் 2014இல் நல்ல எண்ணத்தோடு அதைத் தொடங்கியது: அக்டோபரில் திறமூலத் திட்டங்களுக்குப் பங்களித்தால் டி-ஷர்ட். 2020இல் டி-ஷர்ட்டுக்காகவே ரீட்மீ (திட்ட அறிமுகக்) கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பும் புல் ரிக்வெஸ்டுகள் (மாற்றத்தை ஏற்கக் கேட்கும் கோரிக்கைகள்) குவிந்தன, திட்டங்களைப் பராமரிப்பவர்கள் திணறினார்கள். மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த ரெப்போக்களில் (நிரல் களஞ்சியங்களில்) செய்த பங்களிப்பு மட்டுமே கணக்கில் சேரும் என்று அறிவித்தார்கள். எதை எண்ணுகிறோமோ அதுதான் வந்து குவியும். 200 லீட் என்றாலும் அப்படித்தான்.

கேம்பெயின்_மேசை

நான் மார்க்கெட்டிங் ஆள். மேலே சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பயிலரங்கு முடிந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே யாராவது மார்க்கெட்டிங்கோடு பேசினீர்களா? எங்கள் கருவிகளில் படிவம் நிரம்பினால் சேல்ஸுக்குப் போகும் என்று தானியங்கி விதி இருக்கும். யாரும் தீய எண்ணத்தோடு பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். வேறு விதி வேண்டும் என்று சொன்னால் அமைத்துத் தர அரை மணி நேரம் போதும்.

நாங்கள் இப்போது படிவத்தின் கீழ் தனியாக ஒரு டிக் பெட்டி வைத்திருக்கிறோம்: "எங்கள் சேல்ஸ் குழு என்னைத் தொடர்புகொள்ளலாம்." முன்பே டிக் போட்டு வைப்பதில்லை. ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்பே டிக் போட்ட பெட்டி சம்மதம் ஆகாது. சட்டம் இல்லாத இடத்திலும் அதுதான் மரியாதை. டிக் போடுபவர்கள் சிலர்தான், ஆனால் அவர்களை அழைத்தால் உட்கார்ந்து பேசுகிறார்கள். எங்கள் சேல்ஸ் குழு இப்போது பழைய பெரிய பட்டியலைக் கேட்பதே இல்லை.

இன்னொன்று. வாங்க முடிவெடுப்பவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு. ட்விலியோ என்ற ஏபிஐ நிறுவனம் நெடுஞ்சாலையோரப் பலகையில் "உங்கள் டெவலப்பரைக் கேளுங்கள்" என்று விளம்பரம் வைத்தது. அது மேலாளர்கள் கண்ணில் படுவதற்கு. மேலாளர் போய்க் கேட்கும்போது அந்த டெவலப்பர் ஏற்கெனவே அந்த ஏபிஐயைத் தொட்டுப் பார்த்து, நல்லபடியாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பலகை எங்கள் வேலை, அந்த நல்லபடியான நினைப்பு உங்கள் வேலை. ஒன்று இல்லாமல் மற்றது வீண்.

உங்களிடம் நான் கேட்பது, பயிலரங்கில் வந்த கேள்விகளை எழுதி அனுப்புங்கள். "பணம் இரண்டு முறை கழிவது" என்று உங்களிடம் கேள்வி கேட்டவர் சொன்ன சொல் எங்களுக்குத் தங்கம். நாங்களாக எழுதினால் "நம்பகமான கட்டணத் தீர்வு" என்றுதான் எழுதுவோம், அதை எந்த டெவலப்பரும் படிக்க மாட்டார்.

இரவு_டீபக்கர்

நான் எந்தக் குழுவிலும் இல்லை, நிரல் எழுதுபவன் மட்டும். என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். டாக்ஸைப் பார்க்கவே கணக்குத் தொடங்கச் சொன்னால் மூடிவிட்டுப் போய்விடுவேன். கட்டணச் சேவை நிறுவனமான ஸ்ட்ரைப்பின் டாக்ஸில் உள்நுழைந்திருந்தால் மாதிரி நிரலிலேயே என் சோதனைச் சாவி நிரம்பி இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் ஓடும். அந்த அக்கறையைப் பார்த்தபிறகு யாரும் எனக்கு ஃபோன் செய்ய வேண்டியதில்லை, நானே எங்கள் குழுவில் பேசுவேன். உங்கள் கருவி எதற்குப் பொருந்தாது என்பதையும் எழுதிவையுங்கள். அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

வெப்ஹுக்_வாசகி

எல்லோருக்கும் மிக்க நன்றி. கேம்பெயின்_மேசை கேட்ட கேள்வி உறைத்தது. நான் பேசவில்லை. பயிலரங்கு இணைப்பை அனுப்பி, பரப்பச் சொன்னதோடு சரி.

இன்று மார்க்கெட்டிங் மேலாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து கணக்குத் தொடங்கிப் பார்த்தோம், 31 நிமிடம். சரிபார்ப்பு மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்தது. அதை அவர் எடுத்துக்கொண்டார், நான் விரைவுத் தொடக்கப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். 200 லீட் இலக்கை மாற்ற மேலே பேச வேண்டும், ஆனால் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஏற்கெனவே சிஆர்எம்மில் ஏறிவிட்ட அந்த 140 பேரை என்ன செய்வது?

கேம்பெயின்_மேசை

ஃபோன் எண்களை அழித்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் பெயரிலேயே ஒரே ஒரு மின்னஞ்சல்: அந்த இருபது நிமிடப் பதிலை எழுத்தாக்கி, ஓடும் நிரலோடு ரெப்போ இணைப்பு. கீழே, அடுத்த பயிலரங்கு பற்றித் தெரிய வேண்டுமா என்று ஒரு வரி. ஆம் என்றவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவருக்கு அதைப் பொதுவில் அனுப்புவதற்கு முன்பே தனியாக அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.