டிஸ்டெம்பர் மேல் அடித்த எமல்ஷன் உரிகிறது: உபரி படுக்கையறையை எங்கிருந்து தொடங்குவது?

சாளரம்:
10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. ஒரு கதவு, 4 அடிக்கு 4 அடி ஜன்னல். சாமான் அடைத்து வைத்திருந்த அறையை விருந்தினர் தங்கும்படி மாற்ற வேண்டும். ஆள் வைக்க வசதியில்லை. பழைய டிஸ்டெம்பர் மேலேயே எமல்ஷன் உருட்டினால் சில இடங்களில் ரோலரோடு பெயர்ந்து வருகிறது. இன்னொரு சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் வால்பேப்பரும் ஓரங்களில் சுருண்டுவிட்டது. விலை கூடிய பெயிண்ட் வாங்கினால் நிற்குமா? எத்தனை லிட்டர் வேண்டும்?

பட்டித்தகடு:
பெயிண்டை மாற்றி பயனில்லை. சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி கையில் ஒட்டும். டிஸ்டெம்பர் பெரும்பாலும் சுண்ணத்தூள்தான், பிசின் குறைவு. எமல்ஷனில் உள்ள தண்ணீர் அதை ஊறவைக்கிறது. மேலே படலம் காயும்போது சுருங்கி, ஊறிய தூளையும் சேர்த்து இழுக்கிறது. எவ்வளவு நல்ல பெயிண்டானாலும் இப்படித்தான் வரும். வால்பேப்பரின் பசையும் சுவரைப் பிடிக்கவில்லை, தூளைத்தான் பிடித்திருக்கிறது.

வால்பேப்பரை எடுத்துவிடுங்கள். உரிகிற எல்லாவற்றையும் பட்டித்தகட்டால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி கையால் தேய்த்துப் பாருங்கள். தூள் வருவது நிற்கும் வரைக்கும் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்; முழு வேலையும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது. பிறகு 120 எண் உப்புத்தாள், அதன்மேல் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட்.

சுவர் முழுக்கப் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) பார்த்தால் செலவு ஏறும். விருந்தினர் அறைக்கு அது தேவையில்லை. பள்ளம், ஆணி ஓட்டை, விரிசல் மட்டும் போதும், ஐந்து கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒரு தடவைக்கு 1.5 மி.மீ.க்கு மேல் தடிமன் வைத்தால் வெடிக்கும். ஆழமான பள்ளத்தை இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள். 220 எண் தாளால் தேய்த்த பின், பட்டி வைத்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் இன்னொரு முறை. இதை விட்டால் பட்டி பெயிண்டை அதிகம் குடித்து, காய்ந்த பிறகு திட்டுத்திட்டாகத் தெரியும்.

கணக்கு: சுற்றளவு 44 அடி, உயரம் 10, மொத்தம் 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16 கழித்தால் 403. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்தால் ஏழு லிட்டர். பிரைமர் நாலு லிட்டர். கூரை இதில் சேராது, அது தனியாக 120 சதுர அடி.

எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள், சாயல் மாறாது. தண்ணீரை டப்பாவில் சொன்ன அளவுக்குக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். அடிக்கும்போது மின்விசிறி வேண்டாம். ஓரம் சீக்கிரம் காய்ந்து ரோலர் கோடு விழும். இரண்டு கோட்டுக்கும் நடுவே குறைந்தது நாலு மணி நேரம்.

சாளரம்:
நன்றி. ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. அதையும் ஸ்பாஞ்சால் துடைத்துவிடலாமா?

பட்டித்தகடு:
துடைக்காதீர்கள்! உப்பு தண்ணீரில் கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வேர்த்தால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இடுக்கு இருக்கிறதா, வெளித்திண்ணையில் தண்ணீர் உள்பக்கம் சரிகிறதா என்று பாருங்கள். அதை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமர். மற்ற மூன்று சுவரை அதற்குள் முடித்துவிடலாம்.

இன்னொன்று: கதவு, ஜன்னலில் பழங்கால ஆயில் பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். வறட்டுத் தேய்ப்பு கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கசடை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். தூசுக்கான மாஸ்க் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

நூலிழை:
நிறம் முடிவாகிவிட்டதா? சுவரில் மாதிரி அடித்தால் பக்கத்திலுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, இரவு என்று ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துப் பாருங்கள். பல்பை முதலில் முடிவு செய்யுங்கள்: 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் இளநீலம் பச்சையாகச் சாயும், 6500 வெள்ளை வெளிச்சத்தில் சந்தன நிறம் வெளிறிப்போகும். படுக்கையறைக்கு எனக்கு மஞ்சள் வெளிச்சம்தான் பிடிக்கும்.

திரைச்சீலைக்குக் கம்பியை ஜன்னலைவிட இரு பக்கமும் ஆறு அங்குலம் நீட்டி மாட்டினால் ஐந்தடி. மடிப்பு விழ துணி அகலம் அதைப்போல் இரண்டு மடங்கு, பத்தடி. 48 அங்குல அகலத் துணியில் இரண்டரை வரும். மூன்று பாகமாக எடுங்கள். பருத்தி என்றால் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய பின் சுருங்கினால் தரையிலிருந்து நாலு விரல் தூக்கி நிற்கும், கீழே ஒட்டுப்போடுவதைத் தவிர வழியில்லை.