வீட்லயே புள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றவங்க இருக்கீங்களா, உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?

வேலந்தாவளம் அம்மா:

பையனுக்கு 8 வயசு, போன வருசம் ஸ்கூல நிறுத்திட்டு வீட்லதான் சொல்லித் தர்றேன், ஏன் நிறுத்துனோம்ங்கறது பெரிய கதை, அது இங்க வேண்டாமுங்க. மூணு நாளைக்கு முன்னாடி நல்ல காய்ச்சல் அவனுக்கு. அவிங்கப்பா தேங்காய் லோடோட கோயமுத்தூர் போயிருந்தாரு, நானும் அவனும்தான். மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சுட்டு ராத்திரி ரெண்டு மணி வாக்குல சூடு இறங்கிருச்சான்னு பாக்க நெத்தில கை வெச்சேன். கண்ணத் தொறக்கல, உதடு மட்டும் அசையுது. குனிஞ்சு கேட்டா "ஏழேழு நாப்பத்தொம்போது, ஏழெட்டு அம்பத்தாறு"ங்கறான். ஏழொம்போது வந்ததும் நின்னுட்டான், பகல்லயும் அங்கதான் நிப்பான். நின்னுட்டு என்ர கையப் புடிச்சு நெத்தில இருந்து எடுத்து அந்தப் பக்கம் வெச்சுட்டான்.

நான் அடிக்கறதில்லீங்க, சத்தியமா. வாய்ப்பாடு தப்பா சொன்னா நெத்தில ஒரு விரல வெச்சு "யோசி சாமி, யோசி"ம்பேன், அவ்வளவுதான். அந்த நெத்தியத்தான் காய்ச்சலுக்கும் தொட்டிருக்கறேன். அவனுக்கு வித்தியாசம் தெரியல. அன்னைக்கு இருந்து சோறு எறங்க மாட்டேங்குது எனக்கு.

மறையூர்க்காரி:

அக்கா படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. 2020 ஜூன்ல கொரோனாவுக்கு ஸ்கூல் மூடியிருந்தப்ப கேரள அரசோட விக்டர்ஸ் டிவி சேனல்ல ஃபர்ஸ்ட் பெல்னு கிளாஸ் ஆரம்பிச்சாங்கல்ல, அப்ப பெரியவ கூட உக்காந்து பழகுனேன், இப்ப சின்னவனுக்கு முழுசா நான்தான். வெல்லம் காய்ச்சுற கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனப்ப "ஒரு கிலோவுக்கு எத்தன உருண்டைம்மா வரும்"னு ஆசையா கேட்டான், நான் உடனே "ஒரு உருண்டை 125 கிராம்னா எத்தன வரும், நீயே சொல்லு"ன்னுட்டேன். கையில இருந்த உருண்டைய அப்படியே தட்டுல வெச்சுட்டு வெளிய போய் நின்னுக்கிட்டான். அதுக்கப்புறம் கொட்டகைக்கு வரவே மாட்டேன்னுட்டான்.

அதுல இருந்துதான் ஒரு பாய் வெச்சிருக்கேன். காலைல 9 மணிக்கு விரிப்பேன், 12க்கு சுருட்டிருவேன். பாய் விரிச்சா டீச்சர், சுருட்டுனா அம்மா. பாய்க்கு வெளிய ஒரு கேள்வி கூட கேக்க மாட்டேன். நீங்களும் செஞ்சு பாருங்க அக்கா, டீச்சர் வேற அம்மா வேறன்னு புள்ளைக்குத் தெளிவாத் தெரியணும்.

நகரி தறிக்காரர்:

மறையூர் அம்மா மன்னிச்சுக்கோங்க, நான் இத ஒத்துக்க மாட்டேன். உங்கள மாதிரியேதான் நானும் செஞ்சேன், ஒரு படி மேலயே செஞ்சேன். எங்க ஊர்ல வெளியில பூரா தெலுங்கு, வீட்ல மட்டும்தான் தமிழ், பாப்பா தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கணும்னு ஒரு வெறி எனக்கு. 10ல இருந்து 12 வரைக்கும் நான் நைனா இல்ல, சார்னு கூப்புடணும்னு ரூல் போட்டேன். ஒரு மாசம் நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்னு போச்சு, கொல்லைப் படியில வழுக்கி விழுந்திருக்கு, தறிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு நிமிர்ந்து பாத்தா வாசக்கால் பக்கத்துல நிக்குது, முட்டி கிழிஞ்சு ரத்தம் கொலுசு வரைக்கும் வந்திருக்கு, அழுகைய அடக்கிட்டு "சார், உள்ள வரலாமா"ன்னு கேக்குது.

ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்க வேண்டிய புள்ள பர்மிஷன் கேட்டுட்டு நிக்குது. ரெண்டு தையல் போட்டாங்க. பாயாலயும் மணியாலயும் பிரிச்சா புள்ளைக்குப் புரிஞ்சுடும்னு சொல்லாதீங்கம்மா. அதுக்குப் புரியுது, அதான் பிரச்சனையே.

குமுளி வாத்தியார்:

நான் 19 வருஷமா பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்கிறேன், மகனுக்கும் ராத்திரி நான்தான் சொல்லித் தர்றேன். அவன் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் நான் வர லேட்டு, அவன் சாப்பாடு எடுத்து வெச்சுட்டு "அப்பா குளம்பு சூடா இருக்கு, சாப்பிடுங்க"ன்னு சீட்டு எழுதி வெச்சிருந்தான். சட்டைப் பையில சிவப்புப் பேனா இருந்துச்சு, குளம்புல "ள"வ வட்டம் போட்டு மேல "ழ" எழுதிட்டுப் போய் படுத்துட்டேன். இப்ப அவன் காலேஜ். அதுக்கப்புறம் எனக்கு ஒரு சீட்டு எழுதினதில்ல.

சரி, வேலந்தாவளம் தங்கச்சிக்கு உபயோகமா சில விஷயம் சொல்றேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6ல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளுக்கானது, அதனால வீட்ல படிக்கிறான்னா, யாராவது கேட்டா காட்ட, என்னென்ன படிச்சான்னு தேதி போட்டு ஒரு நோட்டு வெச்சுக்கங்க, நோட்டையெல்லாம் பழைய பேப்பர்ல போட்டுறாதீங்க. ஸ்கூல் போகாமலே படிச்சுப் பரீட்சை எழுத மத்திய அரசோட திறந்தவெளிப் பள்ளி இருக்கு, என்ஐஓஎஸ்னு பேரு, அதுல சின்னப் புள்ளைகளுக்கே மூணு, அஞ்சு, எட்டாம் வகுப்புக்குச் சமமா ஏ, பி, சி லெவல் இருக்கு. பத்தாவது எழுத 14 வயசு முடிஞ்சிருக்கணும். அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும், அதுல ஒரு மொழியாவது இருக்கணும், தமிழையே எடுத்துக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவ பரீட்சை நடக்கும், அஞ்சையும் ஒரே மூச்சுல எழுதணும்னு கட்டாயம் இல்ல. அப்புறம் ஏழாம் வாய்ப்பாட்ட ஒரேயடியா மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, அஞ்சாம் வாய்ப்பாடும் ரெண்டாம் வாய்ப்பாடும் தெரிஞ்சா ரெண்டையும் கூட்டினாலே ஏழு வந்துரும். 5×9 நாப்பத்தஞ்சு, 2×9 பதினெட்டு, மொத்தம் 63. புளியங்கொட்டைய வெச்சு அடுக்கிக் காட்டுங்க, தானா வரும். தினமும் பத்து நிமிஷம் போதும்.

வேலந்தாவளம் அம்மா:

அண்ணா, பரீட்சையப் பத்தி நான் கேக்கலீங்க, அவனுக்கு இன்னும் ஆறு வருசம் இருக்குது. ஆனா அந்தச் சீட்டப் பத்தி எழுதுனத நாலு தடவ படிச்சுட்டேன். உங்க பையங்கிட்ட அதச் சொல்லீட்டீங்களாண்ணா?

காய்ச்சல் விட்டிருச்சுங்க. நேத்து எண்ணெய் வெச்சு விடும்போது நெத்தி பக்கம் கை போகாம சுத்தி வெச்சேன்.

மறையூர்க்காரி:

நகரி அண்ணே, பாயப் பத்தி யோசிக்கிறேன். உடனே மாத்த முடியுமான்னு தெரியல, அது இல்லன்னா நாள் பூரா கணக்குதான் கேப்பேன்னு எனக்கே பயமா இருக்கு. ஒண்ணே ஒண்ணு, பாப்பா இப்ப உங்கள என்னன்னு கூப்புடுது?

நகரி தறிக்காரர்:

ரூல அன்னைக்கே எடுத்துட்டேம்மா. விளையாடறப்ப நைனான்னுதான் கூப்புடுது. கையில புக் இருந்தா மட்டும் எப்படியும் கூப்புடறதில்ல, கிட்ட வந்து சட்டையப் புடிச்சு இழுக்குது.